செத்த காலேஜுக்கு உயிரூட்டும் சொற்பொழிவுகள்



சென்னையின் பழைய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரிடம், "செத்த காலேஜ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சற்றும் தயங்காமல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்வார். "அப்படியானால் உயிர் காலேஜ் எது?" என்று கேட்டால் மிருகக்காட்சி சாலை என்பார். வேடிக்கையாகத் தோன்றும் இந்த இரு பெயர்களுக்குள்ளும் ஒரு வரலாறு மறைந்து கிடக்கிறது.

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் எழும்பூர் அன்று. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கி வந்த வளாகத்தில்தான் அது முதலில் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் எழும்பூரில் உள்ள பாந்தியன் மாளிகைக்கு மாற்றப்பட்டது. கல்லூரியில் பிறந்தமையால் 'காலேஜ்' என்ற பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது என்பர். பாடம் செய்யப்பட்ட விலங்குகளும், எலும்புக்கூடுகளும், பேசாத கற்சிலைகளும் நிறைந்திருந்ததால் 'செத்த' என்ற அடைமொழியும் சேர்ந்தது. அதே வளாகத்தில் 1855ஆம் ஆண்டு உயிருள்ள விலங்குகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுவே பின்னர் தனியே பிரிந்து, இடம் மாறி, 1985ஆம் ஆண்டு வண்டலூரில் நிலைகொண்ட உயிரியல் பூங்கா.

இந்த இரண்டையும் தொடங்கி வைத்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். பாரசீகமும் உருதுவும் கற்றிருந்த இவர், திருவல்லிக்கேணியில் இன்றும் நினைவுகூரப்படும் முஹம்மதியப் பொது நூலகம் 1850ஆம் ஆண்டு அமைவதற்கும் துணை நின்றவர். நூலகம் ஓராண்டில், அருங்காட்சியகம் மறு ஆண்டில்! ஒரே மனிதர் நம் சமுதாயத்துக்கும் நகரத்துக்கும் அடுத்தடுத்துத் திறந்து வைத்த இரு வாயில்களில், நாம் எந்த வாயிலின் வழியே எத்தனை முறை நுழைந்திருக்கிறோம்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பார்ப்பது வேறு, அறிவது வேறு

அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போவதை நாம் அறியாதவர்கள் அல்லர். பெருநாள் விடுமுறையிலோ, வெளியூர் உறவினர் வந்திருக்கும்போதோ போகிறோம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வியக்கிறார்கள். அடுத்த கூடத்தில் வெண்ணிறக் கற்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே கால்கள் வேகமாக நடக்கின்றன. "அத்தா, இது என்ன?" என்று பிள்ளை கேட்டால், "ஏதோ பழைய கல்லம்மா, வா" என்பதே நம் பதில். ஒரு மணி நேரத்தில் நாற்பது அறைகளைக் கடந்து, மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, வீடு திரும்புகிறோம். கால் வலிதான் மிச்சம்!

இதில் பிள்ளையின் குற்றமும் இல்லை, பெற்றோரின் குற்றமும் இல்லை. சொல்வாரின்றிக் கல் பேசாது.

அந்த வெண்ணிறப் பலகைகளையே எடுத்துக்கொள்வோம். அவை ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள அமராவதியிலிருந்து வந்தவை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பௌத்தத் தூபியைச் சுற்றிப் பதிக்கப்பட்டிருந்தவை. அவற்றுள் பழைய சிற்பங்களில் ஒரு வினோதத்தைக் காணலாம். மக்கள் கூட்டமாகக் கைகூப்பி நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் எதிரே ஓர் ஆசனம் மட்டும் இருக்கிறது. ஆசனத்தில் ஒருவரும் இல்லை! வேறொரு பலகையில் இரண்டு பாதச் சுவடுகள் மட்டுமே. தொடக்க காலப் பௌத்தச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டாமல், வெற்று ஆசனம், போதி மரம், பாதச் சுவடு, சக்கரம் போன்ற அடையாளங்களால் உணர்த்தினார்கள். உருவம் செதுக்கும் வழக்கம் பின்னர் வந்தது. அமராவதியில் இவ்விரு முறைகளையும் ஒருங்கே காணலாம்.

இந்த நான்கு வரிச் செய்தியை அறிந்த பின் அக்கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். நேற்றுவரை வெறும் நாற்காலியாகத் தெரிந்த கல், இன்று ஒரு கேள்வியாக எழுந்து நிற்கும். கல்லில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது உங்கள் கண்.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஒளியியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். அத்தோடு அவர் நிற்கவில்லை. மேலோட்டமாக ஒரு நொடியில் பார்ப்பதையும், நின்று நிதானித்து ஆராய்ந்து பார்ப்பதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். முன்பே அறிந்தவற்றின் நினைவும், பகுத்தறியும் ஆற்றலும் சேரும்போதுதான் காட்சி முழுமை பெறுகிறது என்பது அவருடைய விளக்கம். காதில் விழும் நல்ல சொல், கண்ணுக்குத் துணையாகிறது என்று இதை நாம் எளிமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உலகம் கண்ட வழி

அருங்காட்சியகத்தில் பொருளை வைத்தால் மட்டும் போதாது, அதை விளக்க ஆளும் வேண்டும் என்பதை மேல்நாட்டார் மெல்ல மெல்லவே உணர்ந்தனர். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759ஆம் ஆண்டிலேயே கட்டணமின்றித் திறக்கப்பட்டது. ஆனால் வருகின்ற சாமானியருக்கு எடுத்துச் சொல்வாரில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகம் 1907ஆம் ஆண்டு 'டோசண்ட்' என்ற பெயரில் விளக்குநர்களை நியமித்தது. 'கற்பித்தல்' என்று பொருள்படும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. நம் மதரஸாக்களில் 'முதர்ரிஸ்' என்கிறோமே, ஏறத்தாழ அதே பொருள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் தொண்டர்கள் 'கண்திறப்பு உலா' என்ற பொருள்படும் பெயரில் இலவசமாகக் கூடங்களை விளக்கிக் காட்டுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குண்டு வீச்சுக்கு அஞ்சி, லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தின் ஓவியங்கள் அனைத்தும் வேல்ஸ் பகுதியில் ஒரு கல் சுரங்கத்துக்குள் பாதுகாப்பாக வைக்கப்பட்டன. சுவர்கள் வெறுமையாயின. 1942ஆம் ஆண்டு மக்களின் வேண்டுகோளை ஏற்று, மாதத்துக்கு ஒரே ஓர் ஓவியம் மட்டும் சுரங்கத்திலிருந்து கொண்டு வந்து வைக்கப்பட்டது. அந்த ஒன்றைப் பார்க்க மக்கள் திரண்டார்கள்! நூறு ஓவியங்களுக்கு நடுவே ஒன்றாக இருந்தபோது கடந்து சென்றவர்கள், தனித்து நின்ற ஒன்றின் முன்னே நின்று பார்த்தார்கள். ஒரு பொருள், ஒரு மணி நேரம், ஊன்றிய கவனம். கலை விளக்கத்தின் சூத்திரமே இதுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் செஸ்டர் பீட்டி அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. புகழ்பெற்ற எழுத்தணிக் கலைஞர் இப்னுல் பவ்வாப், ஹிஜ்ரி 391இல் பக்தாத் நகரில் தம் கைப்பட எழுதிய திருக்குர்ஆன் பிரதி அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. நம் மார்க்கத்தவர் சிறுபான்மையினராக வாழும் அந்நகரில், அரபி எழுத்தின் வளைவுகளையும் அளவுகளையும் மாற்று மதத்தவர் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எழுத்தாணியின் நுனி பதிக்கும் புள்ளியை அலகாகக் கொண்டு 'அலிப்' எத்தனை புள்ளி உயரம், 'பா' எத்தனை புள்ளி நீளம் என்று அளக்கும் அக்கலையை, அன்றாடம் குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

தியாகராய நகரில் ஒரு சனிக்கிழமை மாலை

"டப்ளினும் பாஸ்டனும் நமக்கு எட்டுமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். எட்ட வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே இப்பணி நடந்து வந்திருக்கிறது.

தியாகராய நகர் வெங்கட நாராயணா சாலையில் தக்கர் பாபா வித்யாலயா என்ற தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. காந்தியடிகள் 1946ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டிய இடம். அங்குள்ள வினோபா அரங்கில் 'தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை' என்ற அமைப்பினர் மாதந்தோறும் முதல் சனிக்கிழமை மாலையில் கலை, வரலாறு குறித்த சொற்பொழிவுகளை நடத்தி வந்தனர். பின்னர் இக்கூட்டங்கள் மயிலாப்பூருக்கும் இடம் மாறின. நுழைவுச் சீட்டு கிடையாது. உறுப்பினராக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. விருப்பமுள்ள எவரும் வந்து அமரலாம். இம்முயற்சிக்கு முன்னின்றவர் பேராசிரியர் சுவாமிநாதன். டெல்லி ஐ.ஐ.டி.யில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியியலாளர். இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தியவர், ஓய்வுக்குப் பின் அஜந்தா ஓவியங்களையும் மாமல்லபுரச் சிற்பங்களையும் பற்றிப் பாடம் நடத்த முன்வந்தார்!

மார்கழியில் சென்னை முழுவதும் இசைக் கச்சேரிகள் நடப்பதை நாம் அறிவோம். அந்தப் பருவத்தை ஒட்டி இவ்வமைப்பினர் 'பேச்சுக் கச்சேரி' என்ற பெயரில் கலை குறித்த தொடர் உரைகளை ஏற்பாடு செய்தனர். பெயரே எவ்வளவு பொருத்தம்! 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் இணையவழிக்கு மாறின. பல உரைகளின் ஒளிப்பதிவுகள் யூடியூபில் காணக் கிடைக்கின்றன. நகருக்கு வெளியே வாழும் வாசகர்களும் வீட்டிலிருந்தே பயன் பெறலாம்.

இது ஒன்று மட்டுமா? அடையாற்றை அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994ஆம் ஆண்டு உருவான நூலகம். அங்கும் பொதுமக்களுக்கான சொற்பொழிவுகள் நடைபெற்று வந்துள்ளன. 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டு, 2004ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்படும் 'மெட்ராஸ் தினம்' நிகழ்ச்சிகளிலும் கட்டணமற்ற உரைகளும் நடை உலாக்களும் பல உண்டு. மயிலாப்பூரில் ஜனவரி மாதத் திருவிழாவையொட்டியும் இத்தகைய உலாக்கள் நடப்பது வழக்கம்.

சரி, அத்தகைய கூட்டத்தில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்? ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகள் உண்டு. நாம் அவற்றை 'முடியாத வேலை' என்று ஒதுக்கிவிட்டு முடிந்த சிற்பங்களை நோக்கி ஓடுவோம். விளக்குநரோ முடியாத குகையின் முன்னேதான் முதலில் நம்மை நிறுத்துவார். பாறையின் முகப்பில் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டியிருப்பதைக் காட்டுவார். கோட்டை ஆழப்படுத்தியதும் ஒவ்வொரு சதுரமும் ஒரு மேடு போல் துருத்தி நிற்கும். அந்த மேட்டை உடைத்தெடுத்தால் ஓரடுக்குப் பாறை அகன்றுவிடும். மறுபடியும் கோடு, மறுபடியும் மேடு, மறுபடியும் உடைப்பு. இவ்வாறே கருங்கல் மலை மண்டபமாயிற்று. வெடிமருந்தும் இயந்திரமும் அறியாத கைகள் மலையைக் குடைந்த விதம், முடிந்த குகையில் தெரியாது. முடியாத குகையில்தான் தெரியும். இதைக் கேட்ட சிறுவன் ஒருவன் வளர்ந்து பொறியியலாளன் ஆனால், அவனுடைய கல்வி எந்த இடத்தில் தொடங்கியது என்று சொல்வீர்கள்?

நாம் ஏன் போவதில்லை?

அன்புச் சகோதர சகோதரிகளே! இத்தகைய அவைகளில் நம்மவர்களைக் காண்பது அரிது. காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: "அங்கே சிலைகளைப் பற்றித்தானே பேசுவார்கள்? நம் பிள்ளைகள் போகலாமா?" மதரஸாவில் பாடம் சொல்லும் என்னிடம் இக்கேள்வி பலமுறை கேட்கப்பட்டதுண்டு. நியாயமான கேள்வி. கேட்பவருடைய ஈமானின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் வணங்குவது வேறு, அறிந்துகொள்வது வேறு. அல்பிரூனியை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுக்கு வந்து, சமஸ்கிருதம் கற்று, 'கிதாபுல் ஹிந்த்' என்ற பெருநூலை எழுதிய அந்த மேதை, அதில் சிலைகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார். வராகமிகிரர் என்ற இந்திய அறிஞரின் நூலை எடுத்துக்கொண்டு, எந்த உருவம் எந்த அளவில் எவ்வாறு வடிக்கப்பட வேண்டும் என்ற விதிகளைக்கூட நேர்மையாகப் பதிவு செய்தார். தம் அகீதாவிலிருந்து அவர் இம்மியும் பிசகவில்லை. அண்டை வீட்டாரின் கலையைத் திரிக்கவும் இல்லை. அடுத்தவரைப் பற்றி அறியாமல் அவர்களோடு வாழ்வதைவிட, அறிந்து வாழ்வது மேல் அல்லவா?

இரண்டாம் பதில்: "அதெல்லாம் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியது." இதுவும் முழு உண்மையன்று. மேற்சொன்ன கூட்டங்களில் தமிழிலேயே பல உரைகள் நிகழ்ந்துள்ளன. செலவு என்றால் பேருந்துக் கட்டணம் ஒன்றுதான்.

மூன்றாம் பதில்: "பெண்கள் எப்படிப் போவது?" இதற்குப் பதிலை வரலாறே தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எட்கர் தர்ஸ்டன் என்பவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். கோஷா அணிந்த பெண்கள் தயக்கமின்றி வந்து பார்ப்பதற்கென்று அங்கே தனி வேளையே ஒதுக்கப்பட்டிருந்தது! நம் பாட்டிமாரின் காலத்துக்கும் முந்திய செய்தி இது. அன்று கோஷாவோடு போனவர்கள் இருந்தார்கள் என்றால், கல்லூரிப் பட்டம் பெற்ற பேத்திகள் தயங்க வேண்டிய காரணம் என்ன?

சுண்ணாம்பாய்ப் போன சிற்பங்கள்

"போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று ஒருவர் கேட்கலாம். குடி முழுகிய கதை ஒன்று உண்டு.

அமராவதியின் வெண்கற்கள் அனைத்தும் எழும்பூருக்கு வந்து சேரவில்லை. ஒரு பகுதி லண்டன் சென்றது. அது போகட்டும், இன்றும் கண்ணால் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மேட்டைத் தோண்டியவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கட்டடம் கட்டக் கல் கிடைத்தது என்று எடுத்துச் சென்றார்கள். அவை சுண்ணாம்புக் கற்கள் ஆகையால், பல சிற்பங்கள் காளவாயில் இடப்பட்டுச் சுண்ணாம்பாக நீற்றப்பட்டன. ஈராயிரம் ஆண்டுக் கலை, சுவருக்குப் பூசும் சாந்தாயிற்று! அவர்கள் கொடியவர்கள் அல்லர். எடுத்துச் சொல்வார் இல்லாதவர்கள்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் எழுப்பிய கல்லுப் பள்ளிகளை அறிவீர்கள். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி அவற்றுள் ஒன்று. வடநாட்டுக் கும்பங்களோ வளைவுகளோ அங்கில்லை. தட்டையான கல் தளம். அதைத் தாங்கும் கருங்கல் தூண்கள். தூணின் உச்சியில் போதிகை. கூரையின் விளிம்பில் வளைந்திறங்கும் கொடுங்கை. தமிழகத்துக் கோயில் மண்டபம் கட்டிய அதே சிற்ப மரபு. ஆனால் தூணின் சதுரத்தில் மனித உருவமோ விலங்கின் உருவமோ கிடையாது. அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் பூவும், கொடியும், பின்னல் கோலமும். உளியும் மரபும் தமிழருடையவை, வரம்பு இஸ்லாத்தினுடையது. தமிழ் முஸ்லிம் என்றால் யார் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூல் சொல்லும்?

இக்கல்லின் பெருமையை உலகுக்குச் சொன்னவர்கள் உண்டு. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த முனைவர் ஜெ. ராஜா முகமது அவர்களில் ஒருவர். சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாறு குறித்த அவருடைய ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகமே 2004ஆம் ஆண்டு வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டில், மெஹர்தாத் ஷோக்கூஹி என்ற அறிஞர் காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை, கொச்சி, கோழிக்கோடு முதலிய ஊர்ப் பள்ளிவாசல்களை அளந்து வரைபடங்களோடு தனி நூல் வெளியிட்டார்.  நாமோ?

பல ஊர்களில் நம் கண்முன்னே நடப்பதைச் சொல்கிறேன். 'பழசாகிவிட்டது' என்று கல்லுப் பள்ளியை இடித்துவிட்டுக் கான்கிரீட் மாளிகை எழுப்புகிறோம். இடிக்காத இடங்களில் செதுக்கு வேலை நிறைந்த தூணுக்கு எனாமல் வண்ணம் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்புகிறோம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்புப் பூத்து, உள்சுவர் உதிரத் தொடங்கும். பளபளப்பாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் சாகிறது. அமராவதியில் காளவாய் மூட்டியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவர்களுக்கேனும் அது அயலாருடைய பொருள். இது நம் பாட்டன் சொத்து!

சென்னையிலும் பாடம் இருக்கிறது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா காலத்தில், 1768ஆம் ஆண்டளவில் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, இந்தோ-சாரசெனிக் பாணிக்கு முன்னோடியாக அறிஞர்களால் எண்ணப்படுகிறது. அதன் கலசா மகால் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தீக்கிரையானது. இடித்துவிட வேண்டியதுதான் என்ற நிலையிலிருந்து, பழைய முறைப்படிச் சுண்ணாம்புக் கலவை கொண்டு அது மீட்டெடுக்கப்பட்டது. மதிப்பை அறிந்து குரல் கொடுத்தவர்கள் இருந்ததால் பிழைத்தது. நம் ஊர்ப் பள்ளிவாசலின் மதிப்பை அறிந்து குரல் கொடுக்க நம் மஹல்லாவில் யார் இருக்கிறார்கள்?

செய்ய வேண்டியவை

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது அழகன்று. எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

ஒன்று, மாதத்தில் ஒரு மாலையைக் குடும்பத்தோடு ஒரு கலைச் சொற்பொழிவுக்கு ஒதுக்குங்கள். நாளிதழ்களின் நகர நிகழ்ச்சிப் பகுதியிலும் அமைப்புகளின் அறிவிப்புகளிலும் நாள், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாலை வேளையாதலால், அருகில் உள்ள பள்ளிவாசலை முன்னரே விசாரித்துக்கொண்டால் மஃக்ரிப் தவறாது. முதல் வரிசையில் அமருங்கள். பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இறுதியில் கேள்வி கேட்க அனுமதிப்பார்கள். பிள்ளையைக் கேட்க விடுங்கள்.

இரண்டு, கேட்ட பின் போய்ப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்க. எல்லா அறைகளையும் சுற்றாதீர்கள். ஒரே ஒரு பொருளின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். இது எதனால் ஆனது? எந்தக் கருவியால் செய்யப்பட்டது? யாருக்காகச் செய்யப்பட்டது? இங்கே எப்படி வந்தது? இந்நான்கு கேள்விகளைப் பிள்ளையிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டாலும் குற்றமில்லை. அடுத்த சொற்பொழிவுக்கு அதுவே காரணமாகட்டும்.

மூன்று, நாமும் இத்தகைய உரைகளை நடத்தலாம். இராயப்பேட்டையில் 1951ஆம் ஆண்டு தொடங்கிய நியூ கல்லூரியும், தேனாம்பேட்டையில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியும் நம் சமுதாயம் எழுப்பிய கல்விக்கூடங்கள். அரங்கங்களும் வரலாற்றுப் பேராசிரியர்களும் நம்மிடம் உண்டு. எழுத்தணிக் கலை, மரக்காயர்களின் கப்பல் கட்டும் தொழில், அரபுத் தமிழ் ஏடுகள், 1795ஆம் ஆண்டு சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல் என்று தலைப்புகளுக்கா பஞ்சம்? மாதம் ஒரு தலைப்பு, நாற்பது நிமிட உரை, திரையில் இருபது படங்கள், இருபது நிமிடம் கேள்வி நேரம். கட்டணம் வேண்டாம். எல்லாச் சமயத்தவரையும் அழையுங்கள். நாம் பிறர் அவைக்குப் போவது போலவே பிறரும் நம் அவைக்கு வரட்டும்.

நான்கு, உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் திருப்பணி நடக்கப்போகிறது என்றால், உளியும் சிமெண்டும் உள்ளே நுழையும் முன் ஒவ்வொரு தூணையும் கல்வெட்டையும் படமெடுத்து வையுங்கள். தொல்லியல் அறிந்த ஒருவரை அழைத்து வந்து ஜமாஅத்தாரின் முன்னிலையில் ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். முடிவு ஜமாஅத்தாருடையது. ஆனால் அறிந்து எடுத்த முடிவாக அது இருக்கட்டும்.

இலவசமாக, வாயில் திறந்து, வந்தவர்க்கெல்லாம் அறிவு வழங்குவது நமக்குப் புதிய பழக்கமன்று. மதீனாவிலும் பக்தாதிலும் கெய்ரோவிலும் பள்ளிவாசல் தூண் ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆசிரியர் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றி 'ஹல்கா' என்னும் வட்டமாக மாணவர்கள் அமர்வார்கள். வணிகரும் வருவார், வழிப்போக்கரும் வருவார். கட்டணம் என்ற பேச்சே இல்லை. அன்று தூணில் சாய்ந்துகொண்டு பாடம் சொன்னார்கள். இன்று அந்தத் தூணையே பாடமாகச் சொல்லும் தேவை வந்திருக்கிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை "அத்தா, இது என்ன?" என்று ஒரு கல்லைச் சுட்டிக் கேட்கும்போது, உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இந்நகரத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. போய்ப் பெற்றுக்கொள்வது நம் பொறுப்பு.